முன்கதையைப் பின்னால் வந்து மாற்றுவது: ரெட்கான் என்றால் என்ன?

2024 மே 11, சனிக்கிழமை. கத்திரி வெயில் காலம். பாளையங்கோட்டையில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் மொட்டைமாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. துணி காயப்போடும் கம்பியில் ஒரு எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, அண்ணாச்சி கொண்டுவந்த சின்னப் புரொஜெக்டரில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் புது சீசன் முதல் எபிசோடைப் பார்த்தோம். அண்ணாச்சி இந்தத் தொடரைக் கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து தேடித் தேடிப் பார்த்தவர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர், 2005க்குப் பிறகு வந்ததை மட்டும் பார்த்தவர். அப்புறம் நான். நாலாவது ஆள் என் அக்கா மகன். பதிமூன்று வயது. தொடரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான்.

படம் முக்கால் மணி நேரம். சண்டை பத்தரை மணி வரைக்கும் நடந்தது. தட்டில் இருந்த முந்திரிக்கொத்து முழுவதையும் தின்று முடித்த பையன் கடைசியில் கேட்டான்: “கதை நல்லாத்தான மாமா இருந்துச்சு? எதுக்கு இப்படிச் சண்ட போடுதீங்க?”

அன்றைக்கு அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாங்கள் சண்டை போட்ட விஷயத்துக்கு ஒரு பெயர் உண்டு, ரெட்கான். அதை முதலிலிருந்து சொன்னால்தான் அவனுக்குப் புரியும். அவனைப்போல் இப்போதுதான் இப்படி ஒரு நீண்ட தொடருக்குள் நுழைகிறவர்களுக்கும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

தொடரைப் பற்றி முதலில் கொஞ்சம். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகத்து ஆள். பார்க்க மனிதர்தான், ஆனால் இதயம் இரண்டு. டார்டிஸ் என்கிற வண்டியில் காலத்துக்குள்ளும் விண்வெளிக்குள்ளும் சுற்றுவார். வெளியே இருந்து பார்த்தால் அது பழைய இங்கிலாந்துத் தெருவில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் அரண்மனை மாதிரி விரியும். பிபிசியில் முதல் எபிசோட் வந்தது 1963 நவம்பர் 23. 1989 வரை ஓடி நின்றது, 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக ஒரே ஒரு நாள் வந்துபோனது, 2005இல் திரும்பவும் தொடங்கியது. ஒரே ஆளின் கதை, அறுபது வருஷமாக.

அறுபது வருஷம் ஒரே நடிகர் எப்படி நடிப்பார்? நம் மெகா சீரியல்களில் நடிகர் விலகிவிட்டால் திரையின் கீழே ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை, மறுநாளே பழகிவிடும். 1966இல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போனபோது பிபிசிக்கும் அதே நெருக்கடி வந்தது. அவர்கள் எழுத்துப் போடவில்லை. அதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். கிழவரான டாக்டர் தள்ளாடி வந்து டார்டிஸ் தரையில் விழுகிறார், முகம் ஒளியில் கரைகிறது, எழுந்திருக்கும்போது பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற வேறொரு நடிகர். டாக்டரின் இனத்தாருக்கு உயிர் போகிற நிலை வந்தால் உடம்பு முழுவதும் புதிதாகிவிடும் என்று ஆயிற்று. அந்த எபிசோடின் நாடா பின்னாளில் தொலைந்துபோனது. முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் வேறொரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டதால் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கவனியுங்கள், 1963இல் தொடரைத் தொடங்கியவர்களுக்கு இந்த எண்ணமே கிடையாது. தேவை வந்தபோது யோசித்தார்கள். ஆனால் ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு, ‘டாக்டரால் எப்போதுமே இப்படி மாற முடியும், நமக்குத்தான் தெரியாமல் இருந்தது’ என்று ஆகிவிட்டது. பழைய எபிசோடில் ஒரு வசனம்கூட மாறவில்லை. ஆனாலும் அந்தப் பழைய கிழவர் நமக்கு இப்போது வேறு ஆள்.

இதுதான் ரெட்கான். பின்னால் எழுதப்பட்ட ஒரு விஷயம், முன்னால் நடந்துமுடிந்த கதைக்குள் போய், ‘ஆதியிலிருந்தே இது இப்படித்தான்’ என்று உட்கார்ந்துகொள்வது. முன்தேதியிட்ட தொடர்ச்சி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் சுருக்கினால் கிடைப்பது இந்தச் சொல். 1980களில் அமெரிக்க காமிக்ஸ் வாசகர்களிடையே புழக்கத்துக்கு வந்தது.

நாங்கள் பார்த்த எபிசோடின் தொடக்கமே இதற்குப் பாடம் மாதிரி அமைந்திருந்தது. ரூபி என்கிற இளம்பெண் முதல்முறையாக டார்டிஸில் பயணம் வருகிறாள். பல கோடி வருஷம் பின்னால், டைனோசர் காலத்துப் புல்வெளியில் இறங்குகிறார்கள். அவள் தெரியாமல் ஒரு பட்டாம்பூச்சியை மிதித்துவிடுகிறாள். அடுத்த நொடி டாக்டர் திரும்பிப் பார்த்தால், ரூபி இருந்த இடத்தில் செதிலும் முள்ளுமாக வேறு ஏதோ ஒரு ஜீவன் நிற்கிறது. அது தன்னை ரூபத்தான் ப்ளூ என்று அறிமுகம் செய்துகொள்கிறது. அதற்கு எந்தத் திகைப்பும் இல்லை. தான் மாறிவிட்டதே அதற்குத் தெரியாது, பிறந்ததிலிருந்தே ரூபத்தான் ப்ளூவாகத்தான் இருந்திருக்கிறது. டாக்டர் பதறிப்போய்ப் பட்டாம்பூச்சியை எடுத்து ஊதி உயிர் கொடுக்கிறார். ரூபி திரும்பி வருகிறாள், நடந்தது எதுவும் தெரியாமல்.

மருமகனிடம் இதைத்தான் காட்டினேன். ஒரு ரெட்கான் வந்தால் கதைக்குள் இருக்கிறவர்களுக்கு எதுவும் மாறியிருக்காது. ரூபத்தான் ப்ளூவுக்குத் தெரியாத மாதிரியே அவர்களுக்கும் தெரியாது. மாறியதைக் கண்ணால் பார்க்கிற ஒரே ஆள், பக்கத்தில் நிற்கிற டாக்டர். தொடர் பார்க்கிற விஷயத்தில் அந்த இடத்தில் நிற்பவர்கள் பழைய ரசிகர்கள். அதனால்தான் அவர்கள் பதறுகிறார்கள்.

இதோடு சேர்ந்து இன்னும் இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று கண்டின்யூட்டி, தொடர்ச்சி. வீட்டில் பெரியவர்கள் சீரியல் பார்க்கும்போது, “இவ போன வாரம் ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தாளே, இப்ப எப்படிக் கோயில்ல நிக்கா?” என்று கேட்பார்கள் இல்லையா, அதுதான் கண்டின்யூட்டி பார்ப்பது. இன்னொன்று கேனன். எது நிஜமாகவே நடந்த கதை, எது கணக்கில் வராத கதை என்கிற வரையறை. பன்னிரு திருமுறைக்குள் எது உண்டு எது இல்லை என்பதில் நமக்குக் குழப்பம் கிடையாது, தொகுத்து வைத்துவிட்டார்கள். ஸ்டார் வார்ஸ் உரிமையாளர்கள் 2014இல் அப்படி ஒரு கோடு கிழித்தார்கள். அதுவரை வந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கிவிட்டார்கள். டாக்டர் ஹூவுக்கு அப்படி அதிகாரப்பூர்வமான பட்டியல் எதுவும் கிடையாது. அதனால் சண்டைக்குப் பஞ்சமும் கிடையாது.

எல்லா முரண்பாடும் ரெட்கான் ஆகிவிடாது. சிலது வெறும் தவறு. டாக்டரின் ராணுவ நண்பர் பிரிகேடியர் வருகிற கதைகள் எந்த வருஷம் நடந்தவை என்பது ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம். 1975இல் வந்த கதையில் சாரா ஜேன் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983இல் வந்த கதையில் பிரிகேடியர் 1977இலேயே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறார். இரண்டும் ஒத்தே வராது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, எழுதியவர் பழையதைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கதையில் வரும் திருப்பமும் ரெட்கான் இல்லை. திருப்பம் முன்கூட்டியே யோசித்து வைத்தது, அதற்கான தடயம் முன்னாலேயே போட்டிருப்பார்கள். ரெட்கான் பின்புத்தி. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் அருவிக்குள் தள்ளிக் கொன்ற ஆர்தர் கோனன் டாயில், அப்போது நிஜமாகவே கொன்றுவிடத்தான் நினைத்தார். வாசகர்கள் விடவில்லை. 1903இல் ஹோம்ஸ் திரும்பி வந்து, ‘நான் விழவே இல்லையே’ என்று சொன்னபோது, பத்து வருஷத்துக்கு முந்தைய மரணம் மரணமே இல்லை என்று ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த ரெட்கான், ஒன்றுக்கும் விளக்கம் சொல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய ஒன்று. ஸ்டார் ட்ரெக் தொடரில் கிளிங்கான் என்று ஒரு போர்க்குடி உண்டு. 1960களில் அவர்கள் சாதாரண மனித நெற்றியோடு வந்தார்கள், ஒப்பனைக்குப் பணம் குறைவு. 1979இல் சினிமா எடுத்தபோது காசு இருந்தது, நெற்றியில் எலும்பு மேடு முளைத்தது. அதற்குப் பின் வந்த தொடர்களில் எல்லா கிளிங்கானுக்கும் எலும்பு நெற்றிதான். 1996இல் ஒரு எபிசோடில், மேட்டு நெற்றிக்கார வோர்ஃப் காலம் கடந்து போய்ப் பழைய வழவழப்பு நெற்றிக்காரர்களை நேருக்கு நேர் பார்க்கும்படி ஆகிவிட்டது. கூட இருந்தவர்கள், இதென்ன என்று கேட்கிறார்கள். வெளி ஆட்களிடம் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று வோர்ஃப் முடித்துவிடுகிறார். குடும்ப ரகசியத்தை மூடுகிற மாதிரி அந்தக் கிளிங்கான் சொன்னது எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிறகு 2005இல் ஒரு நோய்க்கிருமியைக் காரணம் காட்டி விளக்கினார்கள். விளக்கியதும் பாதி அழகு போய்விட்டது என்பது என் எண்ணம். 2017இல் புதுத் தொடர் தொடங்கியபோது கிளிங்கான் முகத்தை இன்னொரு முறை அடியோடு மாற்றினார்கள். முதல் எபிசோட் வந்த அன்றே ரசிகர்கள் இரண்டு பட்டார்கள்.

சரி, எங்கள் மொட்டைமாடிக்கு வருகிறேன்.

முதல் பத்து நிமிஷம் சண்டை மேலோட்டமானதுதான். அந்த எபிசோடில் ஒரு விண்வெளி நிலையத்தைக் கைக்குழந்தைகள் நடத்துகின்றன, வாய் திறந்து பேசவும் செய்கின்றன. கீழ்த்தளத்தில் மூக்குச்சளியால் ஆன ஒரு பூதம். அண்ணாச்சிக்கு இது தாங்கவில்லை. “அறுவது வருசத் தொடர், சளிப் பூதத்துல வந்து நிக்கு” என்றார். நண்பர், குழந்தைகளுக்காக ஆரம்பித்த தொடர்தானே என்றார். இதெல்லாம் ரசனைச் சண்டை. பேசிக்கொண்டே இருக்கலாம், யாருக்கும் வலிக்காது.

வலித்த இடம் வேறு. ரூபி ஒரு தேவாலய வாசலில் விடப்பட்ட குழந்தை, பெற்றவர் யாரென்று தெரியாது. டார்டிஸ் உள்ளே அவளிடம் டாக்டர் தன் கதையைச் சொல்கிறார். டைம் லார்டுகள் என்கிற தன் மக்கள் அழிந்துபோனதையும், தான்கூட அவர்கள் எடுத்து வளர்த்த பிள்ளைதான் என்பதையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அண்ணாச்சி அந்த இடத்தில் புரொஜெக்டரையே நிறுத்திவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறேன். தொடர் தொடங்கி ஆறு வருஷம் வரை டாக்டர் எந்த இனம் என்றே சொல்லவில்லை. 1969இல்தான் டைம் லார்ட் என்ற பெயரே வந்தது. அவர்களிடம் சலிப்புப் பிடித்து, ஒரு வண்டியைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவர் இவர். உடம்பு புதிதாவதற்கு ரீஜெனரேஷன் என்ற பெயர் 1974இல் வந்தது. ஒரு டைம் லார்ட் பன்னிரண்டு முறைதான் அப்படி மாற முடியும் என்ற வரம்பு 1976 கடைசியில் வந்தது. ஆக, மொத்தம் பதின்மூன்று உடம்பு. அதே 1976 ஜனவரியில் இன்னொரு கதை வந்திருந்தது. அதில் டாக்டரும் மோர்பியஸ் என்கிற எதிரியும் மனத்தால் மல்லுக்கட்டுகிறார்கள். திரையில் டாக்டரின் முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடுகின்றன. அப்போதைய டாக்டர், அவருக்கு முந்தியவர், அவருக்கும் முந்தியவர், முதலாமவர் ஹார்ட்னெல். அதோடு நிற்க வேண்டியது. நிற்கவில்லை, இன்னும் எட்டு முகங்கள் வருகின்றன. தாடியும் தொப்பியும் பழங்கால உடையுமாக எட்டு ஆட்கள். அவர்கள் நடிகர்களே இல்லை, தயாரிப்பாளர், இயக்குநர், கதை ஆசிரியர் என்று தொடரில் வேலை பார்த்தவர்கள் வேஷம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டது. ஹார்ட்னெல்லுக்கு முன்னாலேயே டாக்டருக்குப் பல பிறவிகள் இருந்தன என்று அன்றைய குழு விளையாட்டாகக் கோடிட்டுக் காட்டியது. ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. அவை மோர்பியஸின் பழைய முகங்கள் என்று தங்களுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

நாற்பத்து நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 2020 மார்ச் 1 அன்று கிறிஸ் சிப்னல் எழுதிய எபிசோடில் அந்த எட்டு முகங்கள் திரும்ப வந்தன. டாக்டர் டைம் லார்ட் இனமே இல்லை. எங்கிருந்தோ வந்து கேட்பாரற்றுக் கிடந்த குழந்தை. டெக்டியூன் என்ற பெண் எடுத்து வளர்த்தாள். அந்தக் குழந்தை தவறி விழுந்து செத்து, உடம்பு மாறி எழுந்ததைப் பார்த்து, அந்த வித்தையைத் தன் இனத்துக்கு ஒட்டவைத்தாள். டைம் லார்டுகள் உருவானதே டாக்டரால்தான். எல்லாம் டாக்டரின் நினைவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது. இதுதான் அந்த எபிசோட் சொன்னது.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு என்ற வரம்பு போயிற்றே என்பதில்லை, அது 2013 கிறிஸ்துமஸிலேயே வேறு வழியில் தளர்ந்துவிட்டது. எனக்கு இந்த மனிதரிடம் பிடித்ததே அவர் பெரிய ஆள் இல்லை என்பதுதான். ஒரு சாதாரண ஆள், ஓட்டை வண்டியைத் திருடிக்கொண்டு ஓடினார், போன இடத்தில் பிறர் துன்பத்தைப் பார்த்து நின்றார். நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் விதிக்கவில்லை, தானாக நின்றார். இப்போது அவர் ஒரு இனத்துக்கே மூலபுருஷர் என்கிறார்கள். செய்து சம்பாதித்த பெருமையைப் பிறப்பின் கணக்கில் எழுதிவிட்டார்களே என்று நெஞ்சு அடைத்தது.

இதைத்தான் அண்ணாச்சியும் அன்று மாடியில் சொன்னார், வேறு ஊர் வழியாக. முந்தின நாள் வெள்ளிக்கிழமை அவர் சொந்த ஊரில் கோயில் கொடை. ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டுவிட்டுத் தூங்காத கண்ணோடுதான் வந்திருந்தார். “நேத்து பட்டன் கதை பாடுனாங்க. ஒரு பெரியவர் எந்திச்சு, நீரு பாடுறது எங்க அப்பா காலத்துல பாடுனபடி இல்லைன்னு புலவர மறிச்சிட்டாரு. குடம் அடிக்கவரு கைய நிறுத்திட்டாரு. ஒரே அமைதி. எனக்கு அந்தப் பெரியவர் நியாயம்தான் பெருசாத் தெரிஞ்சது” என்றார்.

முத்துப்பட்டன் கதை தெரியாத நெல்லைக்காரர் குறைவு, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டன் பிராமணன். பொதிகை மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைப் பார்த்து மனம் கொடுக்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள். பெண் கேட்டுப் போனவனிடம் பகடை நிபந்தனை போடுகிறார். பட்டன் பூணூலை அறுக்கிறான், குடுமியைக் களைகிறான், தோலை எடுத்துச் செருப்புத் தைக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்று ராத்திரியே மாடு பிடிக்க வந்த கள்வர்களோடு மோதிச் சாகிறான், பெண்கள் தீப்பாய்கிறார்கள். இன்றைக்கும் பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாகிவிட்ட பட்டனின் சன்னதிக்குப் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். பட்டவராயன் போட்டு நடப்பதால் அந்தச் செருப்புகள் தேய்ந்திருக்கும் என்பார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பகடை பெற்ற பிள்ளைகள் இல்லை, பிராமணக் குலத்தில் பிறந்து காட்டில் கிடந்த குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்று அது சொல்லும். நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் ‘ஆராய்ச்சி’ இதழ் நடத்திய நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தவர். அந்தப் பிறப்பு வரலாறு பின்னால் சேர்க்கப்பட்டது, சாதி மீறிய கல்யாணத்தைப் பொறுக்காதவர்களுக்காகச் செய்த மாற்றம் என்று அவர் எழுதினார்.

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். “டாக்டர் கதையும் இதேதான மாமா? ரெண்டுலயும் எடுத்து வளத்த பிள்ள.”

அதேதான். கம்பர் வால்மீகியிலிருந்து விலகிப் பாடியது வேறு, அது தனியே நிற்கும் தன் காவியம். இது அப்படி இல்லை. அதே பட்டன், அதே வில், அதே கோயில். பாடுகிறவர், ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று பாடுகிறார். ஒரே ஒரு செய்திதான் உள்ளே நுழைந்தது. பட்டன் செருப்புத் தைத்த காட்சியில் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் அந்த ஊசியின் கனம் போய்விட்டது. பிறப்பு எல்லாவற்றையும் முன்பே சரிக்கட்டி வைத்திருந்தது என்றால், அவன் எதை விட்டுவிட்டு வந்தான்? எதற்காகத் தைத்தான்?

ஆகையால் ஒரு ரெட்கான் வந்தால் பழைய வசனத்தோடு அது முட்டுகிறதா என்று பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. அதை வைத்துக்கொண்டு பழைய காட்சி ஒன்றைத் திரும்பப் பார்ப்பேன். காட்சியில் இருந்தவரின் செயல் கனக்கிறதா, லேசாகிவிட்டதா? 1966இல் வந்த மாற்றம் பழைய கிழவரைப் பெரிதாக்கியது. சாகத் தெரியாதவர் இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு ஆளாக முடிந்துபோகிறவர் என்று காட்டியது. 2020இல் வந்தது, என் கணக்கில், அவரைச் சின்னதாக்கியது. அதே ஆண்டுவாக்கில் பலர் அதைக் கொண்டாடவும் செய்தார்கள். தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்கள் சிலர், எங்களைப் போன்ற ஒருவர் டாக்டர் என்று மகிழ்ந்தார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். அவர்களுக்கு அது கனத்திருக்கிறது.

இப்போது ஏன் இந்தச் சண்டை எல்லாம் சீசனின் முதல் எபிசோடில் வந்து வெடிக்கிறது என்பதற்கு வருகிறேன். இந்தத் தொடருக்கு 1963இலிருந்து 1989 வரை இருபத்தாறு சீசன். 2005இல் எண்ணிக்கையைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். 2024இல் மறுபடியும் ‘சீசன் 1’. என் மருமகனைப்போல் ஒன்றும் தெரியாமல் வந்து உட்காருகிறவர்களுக்காக அப்படிச் செய்வது. அவர்களுக்கு அறுபது வருஷக் கதையையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல முடியாது, சிலதைத்தான் எடுக்க முடியும். எழுதுகிறவர் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எதை எடுத்து வைக்கிறாரோ அது கேனன் ஆகிவிடுகிறது. பட்டியல் போடாத தொடரில் பட்டியல் இப்படித்தான் போடப்படுகிறது. 1996 படத்தில் டாக்டர் தன் தாய்வழியில் பாதி மனிதர் என்று ஒரு வசனம் வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2005இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் தொடரைத் திரும்பத் தொடங்கியபோது அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மறுப்பு இல்லை, விளக்கம் இல்லை. எடுத்து வைக்காமல் விட்டார், அது வாடி உதிர்ந்துவிட்டது.

2023இல் தொடர் மறுபடி அதே டேவிஸ் கையில் வந்தது. 2020இல் வந்த கதையையும் அப்படி உதிர விடுவார் என்று அண்ணாச்சி நாலு வருஷமாகக் காத்திருந்தார். டேவிஸ் நேர்மாறாகச் செய்தார். 2024 சீசனின் முதல் எபிசோடிலேயே, புது ஆட்கள் முன்னால், எடுத்து வைத்துவிட்டார். புரொஜெக்டர் நின்றது அதனால்தான்.

“நான் பாத்த கதைய எங்கிட்டக் கேக்காம மாத்திட்டாங்கல்லா?” என்றார் அண்ணாச்சி.

நண்பர் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை, இப்போது யோசிக்க வைக்கிறது. “அண்ணாச்சி, போன தடவ அத எப்படிச் சொன்னாங்க? எதிரி ஒருத்தன் அவரக் கட்டிப்போட்டு, நீதான் எல்லாத்துக்கும் மூலம்னு முழங்குனான். இந்தத் தடவ அவரே ஒரு பிள்ளைகிட்டச் சொல்லுதாரு. அவளுக்கும் அப்பா அம்மா தெரியாது. மூலபுருஷர்ங்கற பேச்சே வரல, பாத்தியளா?”

அண்ணாச்சி புரொஜெக்டரைத் திரும்பப் போட்டார். அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் மூன்று முறை பார்த்தோம். காற்றில் வேட்டி அசைந்து டாக்டரின் முகம் நெளிந்துகொண்டே இருந்தது. நண்பர் சொன்னது சரிதான். ஒரு பெருமையும் இல்லை அந்தக் குரலில். எனக்கும் யாரும் இல்லை, உனக்கும் தெரியாது, வா போகலாம் என்கிற மாதிரி. செய்தி அதேதான், 2020இல் என் தூக்கத்தைக் கெடுத்த அதே செய்தி. ஆனால் இந்த முறை அது அவரைப் பீடத்தில் ஏற்றவில்லை, ரூபி பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. ஒரே ரெட்கான் ஒருவர் கையில் காட்சியின் கனத்தைப் பறிக்கும், இன்னொருவர் கையில் கனம் கொடுக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அந்தக் கொடையில் எழுந்து நின்ற பெரியவரின் கட்சி, அந்தக் கட்சியும் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் போன்றவர்கள் இல்லையென்றால் பழைய பாட்டு இப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

அடுத்த சனிக்கிழமை மருமகன் தானாகவே வந்தான். முதல் எபிசோடைக் காட்டச் சொன்னான். 1963இன் முதல் எபிசோட், கறுப்பு வெள்ளை, இருபத்தைந்து நிமிஷம். அதை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒரு பள்ளி மாணவி, பெயர் சூசன். அவளைப் பின்தொடர்ந்து இரண்டு ஆசிரியர்கள் பழைய இரும்புச் சாமான் கிடக்கும் இடத்துக்கு வருகிறார்கள். அங்கே ஒரு போலீஸ் பெட்டி. உள்ளே சூசனின் தாத்தா, கோபக்காரக் கிழவர். அவர் ஆசிரியர்களிடம் பேசிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் குரல் இறங்குகிறார். நாடிழந்தவர்களாக இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததுண்டா என்று கேட்கிறார். தானும் பேத்தியும் சொந்தக் கிரகத்திலிருந்து அறுத்து விடப்பட்டவர்கள், ஒருநாள் திரும்பிப் போவோம் என்கிறார்.

அந்த இடத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மருமகன் கையை நீட்டி அதே இடத்தில் நிறுத்தினான். ஹார்ட்னெல் முகம் பாதி நிழலில் நின்றது.

“மாமா, திரும்பிப் போவோம்னு சொல்லுதாரே. அது அவரு ஊரே இல்லைன்னு இந்தத் தாத்தாவுக்கு இன்னும் தெரியாது, என்ன?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த வசனத்தை இன்னொரு முறை போட்டான்.